கொழும்பிலிருந்து வரவேண்டிய குழாய்

எங்கள் வீட்டுக்கு வாப்பாவும் வேனும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேருமே எனக்குப் பழக்கமில்லாதவர்கள். வாப்பா கட்டாரிலிருந்து வந்தார், வேன் கொழும்புப் பக்கத்திலிருந்து வந்தது. "ரெண்டும் பாவிச்ச சாமான்தான். ஆனா நல்ல கண்டிசன்" என்று மாமா வாசலில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். வாப்பாவும் கூடவே சிரித்தார். யாரோ ஒருவர் எங்கள் வாசலில் நின்று சிரிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் தவழ்ந்து திரிந்த நாளில் அவர் வெளிநாடு போனவர். இடையில் லீவில் வந்து போயிருக்கிறார். அப்போதெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததாகவும், அவர் விமானம் ஏறிய பிறகுதான் வெளியே வந்ததாகவும் உம்மா சொல்வார். தொலைபேசியில் மட்டும் எங்களுக்குள் நல்ல உறவு இருந்தது. சாப்பிட்டீங்களா, படிக்கிறீங்களா, உம்மா எங்க என்று அவர் மூன்று கேள்வி கேட்பார். ஓம், ஓம், இந்தா என்று நான் மூன்று பதில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை உம்மாவிடம் நீட்டிவிடுவேன். இப்படியே என் பாற்பற்கள் விழுந்து வேறு பற்கள் முளைத்து, நான் ஐந்தாம் ஆண்டுக்கும் வந்துவிட்டேன்.

எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. சாய்ந்தமருதில் எங்கள் வீடு நின்ற வளவு உம்மாவுடையது, கிணறு உம்மாவுடையது, அடுத்த வளவில் இருந்தவர் உம்மாவின் மூத்த காக்கா, அதாவது என் மாமா. வாப்பா இல்லாத வருடங்களில் என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் கையெழுத்து வைத்ததும், காய்ச்சல் நேரத்தில் என்னைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும், பெருநாளைக்கு உடுப்பு எடுத்துத் தந்ததும் அவர்தான். கல்முனைக் கடைத்தெருவில் சாரன் கடை வைத்திருந்தார். தனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. கொஞ்சக் காலம் அது என்னுடைய நம்பிக்கையாகவும் இருந்தது. இப்படி எல்லா நாற்காலிகளிலும் ஏற்கெனவே ஆள் இருந்த வீட்டுக்குள் வாப்பா வந்து நின்றார். எதில் உட்காருவது என்று யோசித்துத்தான் உட்கார்ந்தார். தண்ணீரைக்கூடக் கேட்டுத்தான் குடித்தார்.

வேனை அவர் வாங்கியதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரிலிருந்து சாகாமம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் படிப்பிக்கப் போகும் டீச்சர்மார் சிலர் இருந்தார்கள். அக்கரைப்பற்றையும் ஆலையடிவேம்பையும் தாண்டி வயல்களுக்குள் போகும் பாதை. விடியற்காலையில் புறப்பட்டால்தான் மணி அடிக்குமுன் போய்ச் சேரலாம். அவர்களை ஏற்றி இறக்கும் ஓட்டம் நிலைத்தால் வாப்பா ஊரிலேயே இருந்துவிடலாம். நிலைக்காவிட்டால் மீண்டும் கட்டார்தான். அங்கே அவர் ஓட்டிய தண்ணீர் பவுசர் லொறி இன்னும் ஆள் இல்லாமல்தான் நிற்கிறது என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

"வேன் சரிவந்தா இரிக்கிற. சரிவராட்டி போற" என்று வாப்பா ஒரு நாள் உம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றைக்கு உம்மாவின் கறியில் உப்பு இல்லை.

எனக்கோ அவர் போவதில் பெரிய ஆட்சேபணை இருக்கவில்லை. போனால் பெட்டி வரும். பெட்டிக்குள் சொக்லட்டும் வாசனைச் சவர்க்காரமும் எனக்கு எப்போதும் ஒரு அளவு சின்னதாகிப்போன சட்டைகளும் இருக்கும். தொலைபேசியில் மூன்று கேள்வி வரும். எல்லாம் பழையபடி ஒழுங்காக நடக்கும்.

வேன் வந்த அன்று அதை எப்படி நிறுத்துவது என்பதை மாமாதான் தீர்மானித்தார். மாரி மழையில் வெள்ளம் வீட்டுக்குள் வருகிறது என்று எங்கள் வளவை மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். அதனால் வீதியிலிருந்து வாசலுக்கு ஒரு ஏற்றம். அந்த ஏற்றத்தின் உச்சியில் நின்றுகொண்டு மாமா இரண்டு கைகளாலும் கூப்பிட்டார்.

"வாங்க மச்சான், இன்னும் வாங்க. வாகனம் வீட்டப் பாத்துத்தான் நிக்கணும். ரோட்டப் பாத்து நிண்டா வாற பரக்கத்தும் அப்பிடியே ரோட்டால போயிரும்."

வீட்டுக்கு வரும் வாகனம் வீட்டைப் பார்த்து நிற்பதுதான் எங்கள் தெருவில் எல்லோருக்கும் வழக்கம், அப்போதுதான் அருள் தங்குமாம். அதிலும் ஒரு மனிதர் பல வருடம் வெளியே இருந்து உழைத்து வாங்கி வந்த வாகனம். வேன் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி, எங்கள் முன்கதவை ஏறிட்டுப் பார்த்தபடி நின்றது. மாமா துஆ ஓதினார். உம்மா எல்லோருக்கும் சர்க்கரைச் சோறு கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு வந்து வாப்பா சாவியைத் திருப்பினார். வேன் நெடுநேரம் இருமியது. பிறகு பின்பக்கமாக வெள்ளைப் புகை விட்டது. ஒருவழியாகப் பிடித்துக்கொண்டதும் உடம்பெல்லாம் குலுங்கி, சத்தம் ஏறி, இறங்கி, இன்னும் இறங்கி, அப்படியே நின்றுபோனது. திரும்பச் சாவி, திரும்ப இருமல். டீச்சர்மார் சந்தியில் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை சரியாகப் பிடித்து ஓடத் தொடங்கிவிட்டால் பகல் முழுக்க அதைப்போல நல்ல வாகனம் இல்லை. சாகாமத்துப் பள்ளிக்கூட வாசலில் மத்தியானம் சாவியைத் தொட்டதும் கிளம்பியது. விடிந்தால் பழைய கதைதான்.

"பெட்டரி" என்றார் மாமா. புதுப் பெட்டரி போடப்பட்டது. முன்பு வேன் மெதுவாகச் சுற்றிக் கிளம்பாமல் இருந்தது, இப்போது வேகமாகச் சுற்றிக் கிளம்பாமல் இருந்தது. "அப்ப ஐட்லிங்" என்றார் மாமா. வாகனம் சும்மா நிற்கும்போது இயந்திரம் எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்பதற்கு ஒரு திருகாணி உண்டு. அதை அவரே முடுக்கிவிட்டார். காரைதீவுச் சந்தியில் வேன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு போட்ட கூச்சலில் பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தாராம், உள்ளே இருந்த டீச்சர்மார் முகத்தை மறைத்துக்கொண்டார்களாம். ஆனால் அந்தக் கூச்சலெல்லாம் பகலில்தான். விடியற்காலையில் அது முன்போலவே இருமி, குலுங்கி, செத்தது.

அந்த நாட்களில் எங்கள் தெருவைப் பற்றி நான் ஒன்று சொல்லவேண்டும். சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து திரும்புபவர்கள் யாரும் கூப்பிடாமலே எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேனை வீதிக்கு இறக்கித் தள்ளுவார்கள். இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். வேன் கிளம்பியதும் "போயிட்டு வாங்க" என்று கையைக் காட்டிவிட்டு நித்திரைக்குப் போவார்கள். அவர்களில் ஒருவர்கூட இதை ஒரு உதவி என்று நினைத்ததாகத் தெரியவில்லை. இன்றும் அந்தத் தெருவால் போகும்போது எனக்கு அந்தக் கைகள் ஞாபகம் வரும்.

ஆனால் தெரு முழுக்கத் தள்ளினாலும் நேரம் போகத்தான் செய்தது. டீச்சர்மாரில் மூத்தவர் ஒரு நாள் இறங்கும்போது வாப்பாவிடம் மெதுவாகச் சொன்னாராம்.

"காக்கா, குறை நினைக்காதீங்க. இப்பிடியே பிந்தினா எங்களுக்குப் பள்ளிக்கூடத்துல முகம் குடுக்கேலாது. வேற வாகனம் பாக்கச் சொல்றாங்க."

அன்று வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கட்டார் முதலாளிக்கு எப்போது பதில் சொல்லவேண்டும் என்று உம்மா கேட்டார். இந்த மாதத்துக்குள் என்றார் வாப்பா.

வேன் கராஜுக்குப் போனது. கராஜ் பாஸ் கைராசிக்காரர் என்று பெயர். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை 'பாஸ்' என்றுதான் சொல்வோம். டீசல் இயந்திரத்தைச் சூடாக்கித் தரும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நல்ல பிளக்குகள். ஏற்றிவைத்த ஐட்லிங்கை இறக்கிவிட்டார். விடியற்காலையில்தானே நோய், பார்த்துவிடுவோம் என்று வேனை இரவு கராஜிலேயே நிறுத்தினார். விடிந்ததும் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. அடுத்த நாளும் அப்படியே. அவர் வேனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நல்ல மனதோடுதான் சொன்னார்.

"வாகனத்துக்கு ஒண்டுமில்ல காக்கா. ஒங்கட வீட்டுலதான் என்னமோ இரிக்கி."

இந்த வசனத்தை மாமா பொறுக்கவில்லை. அது தன் தகப்பனார் கட்டிய வீடு, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு வீட்டுக்குள் வந்து யோசித்து, கண்ணூறு என்று முடிவு செய்தார். ஓதிய தண்ணீர் வந்தது. உம்மா பிஸ்மி சொல்லி வேனின் முகத்தில் தெளித்தார். மறுநாள் காலையில் வேன் கழுவிய முகத்தோடு நின்று இருமியது.

திருப்பம் நெல் மூட்டையில் வந்தது. மாமாவுக்குச் சாகாமம் பக்கத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. ஒரு நாள் வாப்பா திரும்பி வரும்போது அந்த வயலின் நெல்லில் சில மூட்டைகளை வேனின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. மூட்டை நனையாமல் இருக்க, வேனைப் பின்பக்கமாகவே ஏற்றத்தில் ஏற்றி, விறாந்தையோடு அணைத்து மூட்டைகளை இறக்கினார்கள். மழை விடவில்லை. மாமாவாலும் கடையிலிருந்து வர முடியவில்லை. வேன் முதன்முறையாக வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீதியைப் பார்த்துத் தலை குனிந்து இரவு முழுக்க நின்றது.

விடியற்காலையில் ஒரே சாவியில் கிளம்பியது. சத்தம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. தள்ள வந்தவர்கள் படலைக்கு வெளியே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்படியிலிருந்து உம்மா கையில் மாவோடு வெளியே வந்தார்.

"இஞ்சேருங்க, இண்டைக்கு மட்டும் என்னண்டு புடிச்ச?"

வாப்பா இறங்கி, வேனின் முன்சக்கரத்தைப் பார்த்தார், பின்சக்கரத்தைப் பார்த்தார், வளவின் சரிவைப் பார்த்தார். அன்று மாலை வேனை வழக்கம்போல வீட்டைப் பார்த்து நிறுத்தினார். மறுநாள் அது கிளம்பவில்லை. வாப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கிளம்பாத வாகனத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அடுத்த நாள் வீதியைப் பார்த்து நிறுத்தினார். கிளம்பியது. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். யார் இந்த மனிதர் என்று எனக்கு முதன்முதலாகக் கொஞ்சம் அறிய ஆசை வந்தது.

இந்த முறை பாஸ் எங்கள் வீட்டுக்கே வந்தார். வேன் நோயோடு நிற்கும் இடத்திலேயே அதைப் பார்த்தார். கீழே படுத்து, டீசல் தாங்கியிலிருந்து இயந்திரத்துக்கு வரும் ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் விரல் நின்றது. தலைமயிர் அளவு வெடிப்பு. அதால் டீசல் வெளியே சொட்டுவதில்லை, காற்று மட்டும் உள்ளே போகும். வேன் மூக்கைத் தூக்கி நின்றால் இரவில் குழாயில் இருக்கும் டீசலெல்லாம் பின்னால் இறங்கித் தாங்கிக்குப் போய்விடும், குழாயில் காற்று நிறைந்துவிடும். விடியற்காலையில் இயந்திரம் எவ்வளவு இழுத்தாலும் வருவது காற்றுத்தான். கொஞ்சம் டீசல் வந்து பிடித்தாலும் பின்னால் வரும் காற்று அதை நிறுத்திவிடும். கராஜின் தரை மட்டமானது, ஆகவே அங்கே நோய் இல்லை.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "நான் அண்டைக்கே சொன்னன், இந்தச் சரிவுலதான் பிழை எண்டு" என்றார். அவர் அப்படிச் சொன்னதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. வாப்பா மட்டும் "ஓம் மச்சான்" என்றார். அந்த 'ஓம்' எவ்வளவு பெரிய மனது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

குழாய் மாற்றும்வரைக்கும் வேனை வீதியைப் பார்த்து நிறுத்தச் சொன்னார் பாஸ். அது மிகச் சுலபமான வழி. மாமாவும் வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டார். வாகன விஷயத்தில் வாயே திறக்காத உம்மா அப்போதுதான் கதவுக்குப் பக்கத்திலிருந்து பேசினார்.

"வேணாம். ரோட்டப் பாத்து நிண்டா, போறதுக்கு வெளிக்கிட்டு நிக்கிற மாதிரி இரிக்கி."

பாஸ் வேனைப் பார்த்தார். வாப்பா உம்மாவைப் பார்த்தார்.

"அப்ப வீட்டப் பாத்தே நிக்கட்டும்" என்றார் வாப்பா. "குழாய் கொழும்பில இருந்துதான் வரணும். வாற வரைக்கும் நான் காலையில பம்ப் அடிச்சி எடுக்கிறன்."

வேனின் இடதுபக்க ஆசனத்தைத் தூக்கினால் டீசல் வடிகட்டியும் அதன் தலையில் ஒரு கைப் பம்பும் இருந்தன. அதை உள்ளங்கையால் அழுத்தி அமத்த அமத்த, குழாயில் இருக்கும் காற்று போய் டீசல் வந்து நிறையும். பம்ப் இறுகியதும் சாவியைத் திருப்பினால் வேன் கிளம்பிவிடும். இனி யாரும் தள்ளத் தேவையில்லை, டீச்சர்மாருக்கும் பிந்தாது. ஆனால் ஒருவர் பம்ப் அடிக்க, ஒருவர் சாவி திருப்பவேண்டும் என்றார் வாப்பா. மாமா தான் வருவதாகச் சொன்னார். "அது நீங்க ஓதுற நேரம் மச்சான்" என்று வாப்பா மறுத்துவிட்டார். உம்மாவின் கை இடியப்ப மாவில் இருக்கும் நேரம். மிஞ்சியது நான்.

அடுத்த நாள் விடியற்காலையில் அவர் என் அறை வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வராமல் கூப்பிட்டார்.

"மகள், சாவி திருப்ப ஆளில்ல. கொஞ்சம் வாறீங்களா?"

ஒரு விருந்தாளியைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். நான் நித்திரைக் கண்ணோடு போய் ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தேன். என் கால் கீழே எட்டவில்லை. சாவியை முதலில் பாதி திருப்பவேண்டும், முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், அது அணைந்த பிறகு முழுக்கத் திருப்பவேண்டும். அவர் மறுபக்கத்தில் நின்று, குனிந்து பம்பை அமத்தினார். அது சளக் சளக் என்றது. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப" என்றார். திருப்பினேன். வேன் பிடித்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். விடியற்காலையில் யார் சாப்பிடுவார்கள்? அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். வெட்கப்பட்டுச் சிரித்தார்.

சில நாட்களில் அந்த மூன்று கேள்விகளும் முடிந்துபோயின. தொலைபேசி என்றால் உம்மாவிடம் கொடுத்துவிடலாம், இங்கே கொடுப்பதற்கு ஆளில்லை. பம்ப் இறுகும்வரை இரண்டு பேரும் இருந்தாகவேண்டும். ஆகவே நான் கேட்கத் தொடங்கினேன். கட்டாரில் மழை பெய்யுமா? பவுசருக்குள் எவ்வளவு தண்ணீர்? அந்தத் தண்ணீரை யார் குடிப்பார்கள்? அவர் பம்பை அமத்திக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பதில் சொன்னார். மணலுக்கு நடுவில் வீடு கட்டும் ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவாராம். அவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்துக் காட்டுவார்களாம். "நீங்களும் காட்டினீங்களா?" என்று கேட்டேன். ஓம் என்றார். எந்தப் படம் என்று கேட்டேன். நான் கதவுக்குப் பின்னால் நின்று பாதி முகம் தெரியும் படமாம். அதுதான் அவரிடம் இருந்ததாம்.

நானும் சொன்னேன். வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் என் பென்சிலைக் கடிப்பதை, எனக்குக் கணக்கு வராததை, மாமா என் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே போய்க் கனைப்பதை. வாப்பா சிரித்த சிரிப்பில் கை பம்பிலிருந்து நழுவியது.

ஆனால் இவ்வளவு கதைத்தும் நான் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உம்மாவிடம் அவரைப் பற்றிச் சொல்லும்போது 'அவர்' என்பேன். நேரே என்றால் பக்கத்தில் போய் நின்று அவர் திரும்பும்வரை காத்திருப்பேன். அந்தச் சொல் வாயில் இருந்தது, வெளியே வர வழி தெரியவில்லை.

அது ஒரு மழைக் காலை. அவசரத்தில் பம்பை அரைகுறையாக அமத்திவிட்டு "இப்ப" என்றார். நான் திருப்பினேன். வேன் பிடித்தது, உடனே குலுங்கத் தொடங்கியது. சத்தம் இறங்கி இறங்கி, மூச்சு விடுவதுபோல மெலிந்துவந்தது. அவர் ஆசனத்தை மூடப் போனார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இது நின்றால் டீச்சர்மாருக்குப் பிந்தும். பிந்தினால் வேறு வேன் பார்ப்பார்கள். வேறு வேன் பார்த்தால் இவர் போய்விடுவார். போனால் பெட்டி வரும் என்று அந்த நேரம் எனக்கு ஞாபகமே வரவில்லை.

"வாப்பா, நிக்கப் போகுது! அமத்துங்க வாப்பா! வாப்பா, அமத்துங்க!"

அவர் பம்பின் மேல் பாய்ந்து விழுந்து அமத்தினார். சத்தம் மெல்ல மெல்ல ஏறி, நடுக்கம் விட்டு, சீராக ஓடத் தொடங்கியது. நான் கையைத் தட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றார். அடுப்படியில் உம்மா பாத்திரச் சத்தம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். மழைத்தூறல் கண்ணில் பட்டதுபோல வாப்பா முகத்தைத் துடைத்தார். எனக்கு அப்போது வேன் கிளம்பிய சந்தோஷம்தான்.

அதற்குப் பிறகு அவர் என்னை 'வாறீங்களா' என்று கேட்கவில்லை. "எழும்பு புள்ள, நேரமாகுது" என்றார். நானும் எழும்பினேன். இன்னும் கொஞ்ச நாளில் அவர் கூப்பிடவும் தேவைப்படவில்லை. ஒரு நாள் அவர் தொழுதுவிட்டு வரும்போது நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தேன். "பிந்திட்டீங்க வாப்பா" என்றேன். அவர் வேனுக்கு வெளியே நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம் மகள், நல்லாப் பிந்திட்டன்" என்றார்.

அன்று மாலையே குழாய் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. பாஸ் வந்து, ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார். அதன் பிறகு வேன் வீட்டைப் பார்த்துக்கொண்டே நின்று, விடிந்ததும் ஒரே சாவியில் கிளம்பியது. கட்டார் முதலாளிக்கு வாப்பா இல்லை என்று சொல்லிவிட்டார். டீச்சர்மார் அந்த வேனிலேயே போய் வந்தார்கள், அவர்களில் சிலர் ஓய்வுபெறும்வரை. சாவி திருப்பும் வேலையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும் போய்த் திருப்புவேன். என் ரிப்போர்ட்டில் வாப்பா கையெழுத்து வைக்கத் தொடங்கினார், மாமா மட்டும் பக்கத்தில் நின்று கனைப்பார்.

இப்போது எனக்கும் ஒரு பாவித்த கார் இருக்கிறது. போன மாரியில் அது விடியற்காலைகளில் இருமத் தொடங்கியது. நானே கீழே குனிந்து பார்த்தேன். எரிபொருள் வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு. கல்முனையில் உதிரிப்பாகக் கடைக்குப் போய், இப்படியொரு குழாய் கொழும்பிலிருந்து எடுப்பிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை விநோதமாகப் பார்த்தார். அவருடைய தலைக்கு மேல் சுவரில் அந்தக் குழாய் கறுப்பு வளையங்களாகச் சுற்றித் தொங்கியது, எல்லாப் பருமனிலும். கத்தியை எடுத்து வேண்டிய அளவு வெட்டித் தந்தார்.

"இது எப்ப இருந்து இஞ்ச கிடைக்கிது?" என்று கேட்டேன்.

"எங்கட வாப்பா கட திறந்த நாள்ல இருந்து இரிக்கி" என்றார்.

நான் காரை நேரே வாப்பாவிடம் ஓட்டினேன். அவர் வளவில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். குழாய்த் துண்டை நீட்டி, இது கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் அதை வாங்கி, வளைத்துப் பார்த்து, நல்ல சாமான் என்று திருப்பித் தந்தார்.

"ஓம். கல்முனைக்கு எல்லாச் சாமானும் கொழும்பில இருந்துதானே வாற" என்றார். தேங்காயை எடுத்து மறுபடி உரிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து காருக்குள் இருந்தபடியே யோசித்தேன். குழாய் மட்டுமா? கைப் பம்புக்கு இரண்டாவது ஆள் எதற்கு? இறுகும்வரை அமத்திவிட்டு, எழும்பி, வேனைச் சுற்றி வந்து, தானே சாவியைத் திருப்பிக்கொள்ளலாம். பவுசர் ஓட்டிய மனிதருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பாஸுக்குத் தெரியும். மா பிசைந்த கையோடு நின்ற உம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நல்லருள் செய்யட்டும்.

அந்தப் பிள்ளைக்கு இது ஒன்றும் தெரியாது. தான் போகாவிட்டால் வேன் கிளம்பாது, வாப்பா ஊரில் நிற்கமாட்டார் என்று நம்பிக்கொண்டுதான் அவள் விடியற்காலைகளில் வெறுங்காலோடு ஓடினாள். வேனைப் பற்றி அவள் நினைத்தது மட்டும்தான் பிழை.